நோயாளிக் கதிரை

வயர் அறுந்த அந்த வெள்ளைப் போனை இன்று காலை குப்பை வாளிக்குள் எறிந்தேன். பிறகு நானே எடுத்துத் துடைத்தேன். அதில் இன்னும் உம்முடைய ஓடிக்கொலோன் மணக்கிறது. அதை மணந்ததும் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

பிளேஸ்டோ மண்டபத்தில் செவ்வாய்தோறும் நாம் இருவரும் அரபு பேசும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோமே, அந்த வகுப்புப் போன்தான். இரண்டு கதிரைகளை முதுகோடு முதுகாகப் போடுவீர். முகம் பாராமல் பேசிப் பழக வேண்டுமாம். ஒன்றில் மாணவி, அவள் நோயாளி. மற்றதில் நீர், ஜி.பி. என்கிற குடும்ப டொக்டரின் ரிசப்ஷன்காரி. அடடா, என்ன நடிப்பு! "சொறி, நோ அப்பொயின்மென்ட்" என்று மூக்கால் இழுப்பீர். வகுப்பே சிரிக்கும்.

அவர்கள் "கிவ் மீ டொக்டர்" என்று கேட்டபோது நான் முகம் சுளித்தேன். குவைத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்து அரபு பழகியிருந்த நீர் என்மேல் பாய்ந்தீர். "அவையள் மரியாதை தெரியாத ஆக்களில்லையப்பா! தங்கட பாஷையில 'தயவுசெய்து' எண்டு முன்னுக்கே சொல்லிப்போட்டு நேராக் கேப்பினம். இங்க அந்த மரியாதை 'குட்'டுக்குள்ள, 'முடியுமா' எண்டு கேக்கிறதுக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்."

முதலில் 'குட் ஐ' என்று பணிவாய்க் கேட்க வேண்டும். மறுத்தால் என்ன வருத்தம், எங்கே நோகிறது என்று சொல்லி 'ஐ நீட்'. அதற்கும் மறுத்தால் 'ஐ மஸ்ட் சீ எ டொக்டர் டுடே'. யாராவது பிழையாய் 'மஸ்ட் டு' என்றால் மேசையில் தட்டுவீர். "மூண்டு தரம் கேக்காமல் போனை வைக்கிறவைக்குத் தேத்தண்ணி இல்லை!"

சூடானிலிருந்து வந்த சல்மா, வாயே திறக்காதவள், மகனுக்கு மூச்சு இழுத்த அன்று மூன்று தரம் கேட்டு அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோனாள். அதற்கு நீர் கேக் வெட்டினீர்.

பிறகு உமக்கு நெஞ்சு நொந்தது. நீரும் ஜி.பி.க்குப் போன் எடுத்தீர். எத்தனை தரம் கேட்டீர்? ஒரே ஒரு தரம்! அடுத்த கிழமை பார்க்கலாம் என்றார்களாம், "தட்ஸ் ஃபைன், தேங்க் யூ" என்று வைத்துவிட்டீராம். என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்: "அவையளுக்கும் கரைச்சல்தானே. எனக்கென்ன, வாய்வுதான்."

இரண்டு நாள்கூட நீர் உயிரோடு இருக்கவில்லை. அந்த ஜி.பி.க்காரர்மேல் எனக்கு ஆத்திரம் இல்லையென்று நினைக்காதேயும். உம்மேல் அதைவிடக் கூட. அத்தனை பேருக்கும் கேட்கப் படிப்பித்த மனுஷிக்குத் தனக்கென்று கேட்க வாய் வரவில்லையா? ஒரு நாளாவது அந்த நோயாளிக் கதிரையில் நீர் இருந்தீரா? இருக்கச் சொல்ல எனக்கும் புத்தி வரவில்லை. அந்த எரிச்சல் என்மேல்.

இன்று அந்தப் போனை வகுப்புக்குக் கொண்டுபோனேன். நோயாளிக் கதிரையில் நான் இருந்தேன். உம்முடைய கதிரையில் சல்மா. பெயர் கேட்டாள். உம்முடைய பெயரைச் சொன்னேன். "குட் ஐ" என்று தொடங்கினேன். "சொறி" என்றாள், உம்மைப்போலவே மூக்கால். நெஞ்சு நோகிறது என்றேன். அடுத்த கிழமை என்றாள். மூன்றாம் தரம் 'மஸ்ட்' என்று கத்தியே விட்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்து சல்மா "யெஸ். கம் நவ்" என்றாள்.

கேட்டதா உமக்கு? உடனே வரச் சொல்லிவிட்டாள். மூன்றே மூன்று தரம்தான் கேட்டேன்.