மெழுகுக் கையில் நாடி

ஆகஸ்டு நடுநாளுக்கு ஆறு நாள் முன்

அப்பாவிடம் இன்று நான் சொல்லாதது: நீங்கள் நாடி பார்த்தது மெழுகுக் கை.

சொல்லத் தேவையில்லைதான். அவருக்கே தெரியும், ரோமாபுரிக்கே தெரியும். பேரரசரின் உடலை அடக்கம் செய்தாயிற்று. அரண்மனை முன்மண்டபத்தில் தந்தக் கட்டிலில் படுத்திருப்பது அவரைப்போலவே வார்த்த மெழுகு உருவம். சடங்கு முடியும்வரை அதுதான் நோயாளி. இடப்பக்கம் கறுப்பு உடுத்திய செனட்டர்கள், வலப்பக்கம் நகை கழற்றிய பெண்கள் வெள்ளை உடுத்தி. காலைதோறும் வைத்தியர்கள் வந்து பார்த்து “நேற்றைவிட மோசம்” என்பார்கள். பெண்கள் அழுவார்கள். இப்படி மோசமாகி மோசமாகிக் கடைசியில் அவர் இரண்டாம் முறை சாவார். பிறகு சிதை, புகை, அதிலிருந்து பறக்கவிடும் கழுகு. மாமன் தெய்வமாகிவிட்டால், காத்திருக்கும் அக்காள் மகன் தெய்வத்தின் வாரிசு.

மற்ற வைத்தியர்கள் எட்ட நின்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அப்பா மட்டும் மணிக்கட்டைப் பிடிப்பார். நான் மருந்துப்பெட்டியோடு பின்னால் நிற்பேன். இன்று வைத்த விரலை வெகுநேரம் அவர் எடுக்கவில்லை.

“இன்னைக்குத் தேவலை” என்றார்.

யாரும் அழவில்லை. அழுவதற்காகத் தூக்கிய முந்தானைகள் பாதியில் நின்றன.

அந்தப்புர அதிகாரி திரோபிமஸ் படிக்கட்டு வரை எங்களோடு வந்தார். அடிமையாக இருந்தவர், இப்போது செனட்டர்களே அவருக்கு ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

“வெயில் உங்க தலைக்கு ஏறிடுச்சு போல, வைத்தியரே.”

“நாடி ஓடுது, திரோபிமஸ்.”

“அது என்னன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அந்த மண்டபத்துல அதைச் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது, பட்டத்துக்கு வரப்போறவருக்குக்கூட. சொன்னா அவர் தெய்வத்தோட வாரிசு இல்ல, பொம்மையோட வாரிசு. நாளைக்கு மோசம்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே.”

அப்பா தலையாட்டினார். அது சரி என்கிற ஆட்டம் இல்லை.

ஐந்து நாள் முன்

இன்றும் “தேவலை.”

வீட்டுக்கு வந்து பருப்பைப் பிசைந்துகொண்டே பேசினார். “ஹெரோ, உசிரோட இருந்தப்ப, காய்ச்சல் விட்டு அவர் எழுந்து உக்காந்துட்டாரும்மா. அத்திப்பழம் கேட்டார். கஞ்சி சூடு பத்தலன்னு என்னை மடக் கிழவான்னு திட்டினார். திட்டுற நோயாளி பொழைச்சுக்குவான். வெளியே வந்தேன். மோசம்னு சொல்லுங்க, ஊர் தயாராகட்டும்னாங்க. சொன்னேன். மறுநாள் காலையில போய்க் கையைத் தொட்டா சில்லுன்னு இருக்கு.”

சொல்லச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

“அந்த வார்த்தையை அவர் விஷயத்துல இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்.”

“அது அவர் இல்லையேப்பா.”

“கையைப் பிடிச்சா அவர்தான்.”

“நிஜமாவே நாடி ஓடுதா?”

தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “நாளைக்கு நீயே தொட்டுப் பாரேன்.”

நான்கு நாள் முன்

தொட்டேன். பெட்டியைக் கீழே வைக்கிற சாக்கில் ஒரு விரலால். சூடாக இருந்தது. ஆகஸ்டு வெயிலில் மெழுகு சூடாகத்தான் இருக்கும்.

நேற்று அந்த மணிக்கட்டில் அப்பாவின் விரல்கள் பதிந்த பள்ளம் இருந்தது. பார்த்தேன், நிச்சயமாகப் பார்த்தேன். இன்று இல்லை. வழுவழுவென்று இருந்தது. வார்த்தவனை உள்ளே விடுவதில்லை. கட்டிலைச் சுற்றி இரவும் பகலும் ஆட்கள்.

நாடி இருந்ததா என்று இங்கே எழுத மாட்டேன்.

தேவலை என்ற செய்தி கேட்டு, விதவையான பேரரசி வாற்கோதுமைக் கஞ்சி அனுப்பியிருந்தாள். கிண்ணம் காலியாகத் திரும்பிப் போனது. மெய்க்காவல் படையினர் வாசலில் நின்று “நீடூழி வாழ்க” என்று கூவினார்கள். இறந்த பேரரசரின் பெயரைச் சொல்லி. மண்டபத்தில் அக்காள் மகன் தன் நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

பாரசீகத்தில் அரசன் இறந்தால் கோயில் நெருப்பை அணைத்துவிடுவார்களாம், படித்திருக்கிறேன். அது நேர்மையான வழக்கம். இருட்டைப் பார்த்து யாரும் விளக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நாள் முன்

காலையில் நாங்கள் கிளம்புவதற்குள் அவர்கள் இங்கே வந்துவிட்டார்கள். திரோபிமஸ், கூடவே வைத்தியர் சோசிமஸ், அப்பாவோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர். அப்பா நின்றபடி செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். சோசிமஸ் வாசலிலேயே நின்று, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார்.

“நேற்றைவிட மோசம்.”

அப்பா சிரித்துவிட்டார். “யாருக்குடா?”

சோசிமஸ் என் பக்கம் திரும்பினார். “நல்லா ஓய்வு வேணும்மா. வெளியே விடாதே.”

“அவரோட பேசுங்க. முன்னாடிதானே நிக்கிறார்” என்றேன்.

திரோபிமஸ் அன்பாகத்தான் சொன்னார். “ஒருத்தர் தெய்வமாகிற நாள்ல ரத்தம் சிந்தக் கூடாதும்மா. நாங்க யாரையும் தொடல பாரு. உடம்பு முடியாதவர் வீட்டுல படுத்திருக்கார். சடங்கு முடியட்டும்.”

மாடிப்படி அடியில் ஒரு காவலனை விட்டுப் போனார்கள். அரண்மனையில் இன்று வைத்தியர்கள் எல்லோரும் “மோசம்” என்றார்களாம். பெண்கள் நிம்மதியாக அழுதார்களாம்.

நடுநாளுக்கு முந்தின நாள்

இன்றும் அப்பாவைப் பார்த்து “மிகவும் மோசம்” என்றுவிட்டுப் போனார்கள்.

கீழே ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஃபுஸ்கா சூடான ரொட்டியோடு மேலே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“ஃபுஸ்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். உன் ரொட்டியைத் தின்னாத்தான் எனக்கு வயிறு கெடும்.”

எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவள். “பேச்சுகூட வரலையாமே, பாவம்” என்றாள் என்னிடம்.

நடிக்கிறாளா? காவலனுக்குப் பயமா? அவள் கண்ணை உற்றுப் பார்த்தேன். அழுகை நிஜம்.

அவள் போனபிறகு அப்பா வெண்கலக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கன்னத்தை இழுத்து, நாக்கை நீட்டிப் பார்த்தார். நோயாளிகளைப் பார்க்கிற அதே முகத்தோடு. நான் அவர் நாடியைப் பிடித்தேன். சரியாக இருந்தது. கொஞ்சம் மெதுவாக — இல்லை, சரியாகத்தான்.

ஆகஸ்டு நடுநாள்

விடியும்போது வாசற்கதவில் சைப்ரஸ் கிளை கட்டியிருந்தது. சாவு வீட்டு அடையாளம். பிய்த்து எறிந்தேன். தண்ணீர் எடுத்துவிட்டு வருவதற்குள் மறுபடி கட்டியிருந்தது.

சோசிமஸ் உள்ளே வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“முடிந்தது” என்றார் சோசிமஸ். பிறகு, இறந்தவரை அழைக்கும் முறைப்படி, உரக்கக் கூப்பிட்டார். “கல்லியாஸ்.”

“இருக்கேன்” என்றார் அப்பா.

சோசிமஸ் காத்திருந்தார், ஒன்றுமே காதில் விழாதவர்போல. “கல்லியாஸ்.”

“இருக்கேன்டா. கண்ணு முன்னாடி இருக்கேன்.”

“கல்லியாஸ்.”

அப்பா பதில் சொல்லவில்லை.

ஏம்ப்பா? ஏன் பேசல? கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. கத்தியிருக்கலாம்ல. எழுந்து அந்தாளோட சட்டையைப் பிடிச்சிருக்கலாம்ல.

நிதானமாக யோசிக்க வேண்டும். அரண்மனையிலும் இன்றுதான் முடிந்ததாம், நாளை சிதை. சிதை ஆறினால் ரத்தத்துக்குத் தடை இல்லை. அதன்பிறகு யாராவது இந்த மாடிக்கு ஏறி வந்தால்? ஏற்கெனவே செத்தவரைக் கொன்றது யார் என்று எந்த நீதிபதி கேட்பார்?

ஃபுஸ்கா படியில் நின்றே சொன்னாள். “வச்சிருக்காத கண்ணு. செத்தவங்களுக்கு ஊருக்குள்ள எடமில்ல. வெளியே எடுத்துடு.”

வெளியே. ஆமாம்.

நடுநாளுக்கு மறுநாள்

சாலையோரக் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர் முழுக்க சிதை பார்க்கப் போயிருந்தது. பாடை தூக்க ஆள் பிடித்தேன். என்ன செய்யப்போகிறோம் என்று அப்பாவுக்கு விளக்கினேன், அதற்குத் தேவையே இருக்கவில்லை. பாடையைப் பார்த்ததும் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டார். உதடுகளுக்கிடையே, செத்தவர்களுக்கு வைக்கிற காசை வைத்தபோது வாயைத் திறந்து கொடுத்தார். மாடிப்படிக் காவலன் முகத்தை மூடிக்கொண்டு விலகினான்.

நகரின் ஓஸ்தியா வாயிலில் காவலன் ஒருவன் தடுத்தான். “யாரு?”

“வைத்தியர் கல்லியாஸ். என் அப்பா.”

“ஆமாமா, கேள்விப்பட்டேன். என் பையனுக்குக் காது வலியைச் சரிபண்ணினவர்.” துணியைத் தூக்கி முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இமைகூட ஆடவில்லை. “முகம் அமைதியா இருக்கும்மா” என்று மூடினான்.

தூக்கி வந்தவர்களை அனுப்பினேன். நகரத்துக்கு மேலே புகை எழுந்தது. கழுகை நான் பார்க்கவில்லை.

“எழுந்திருங்கப்பா. வெளியே வந்துட்டோம்.”

அவர் எழுந்திருக்கவில்லை. தோளை உலுக்கினேன். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன், பிறந்ததிலிருந்து கூப்பிடாத பெயரை. கடைசியில் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் வைத்ததும் கண்ணைத் திறந்தார். காசைத் துப்பினார்.

“எப்படி இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“தேவலைப்பா.”

அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

நவம்பர் முதல் நாள், மஸ்ஸிலியா

துறைமுகத்தில் மீனும் எண்ணெயும் மலிவு. கப்பலேறி வந்து சேர்ந்த இது, எங்களைப்போல் கிரேக்கம் பேசுகிற ஊர். அப்பா எப்போதாவது சிரிக்கிறார். ஆனால் காலையில் நான் நாடி பார்த்துச் சொல்லும்வரை படுக்கையை விட்டு இறங்குவதில்லை. நேற்று அசந்து தூங்கிவிட்டேன். நண்பகலில் போய்ப் பார்த்தால் கைகளை மார்பின்மேல் வைத்துக்கொண்டு கண்திறந்து காத்திருந்தார்.

மார்ச் நடுநாளுக்கு மூன்று நாள் முன்

அப்பா நேற்று மாலை இறந்தார். காலையில் தேவலை என்று சொல்லியிருந்தேன்.

கடலைப் பார்த்த சரிவில் புதைத்தோம். பெயர்க்கல் வைக்கவில்லை. ரோமாபுரியில் சோசிமஸ் தன் செலவில் அவருக்கு நல்ல கல் ஒன்று நாட்டியிருப்பதாகக் குளிர்காலத்துக்கு முன்பே ஒரு கப்பல்காரர் சொல்லியிருந்தார். அதில் இறந்த நாள், ஆகஸ்டு நடுநாள்.