மதினியின் சிவப்புக் கோழி

மதினி, இன்று காலை நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் கோயிலுக்குப் போனபோது, மடியில் வைத்திருந்த கட்டைப்பையிலிருந்து சிவப்புக் கோழி தலையை நீட்டி என் புதுச்சேலையைக் கொத்தியது. இன்று அறுப்பின் பண்டிகை, காணிக்கைக்குத்தான் இந்தக் கோழி. நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு உங்கள் கோழிகளை நான்தான் வளர்க்கிறேன். இது அந்தப் பழைய கோழியின் வம்சம், திமிரிலேயே தெரியும். எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

அண்ணனும் நானும் வேலை பார்த்த நூல் மில்லை மூடிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்கு வந்த காசெல்லாம் நீங்கள் விற்ற முட்டைக் காசுதான். பண்டிகைக்குக் காணிக்கையாக நீங்கள் பிடித்ததோ, நன்றாக முட்டையிடுகிற கோழியை.

"இதையும் குடுத்துட்டா நாளைக்குச் சோத்துக்கும் வெஞ்சனத்துக்கும் எங்க போறது?" என்று கத்தினேன்.

"கோழிய நம்பியா தாயி இருக்கோம்? கோழிக்கும் எர போடுறவரு ஒருத்தரு இருக்காருல்ல" என்று சொல்லிக்கொண்டே அதன் காலைக் கட்டினீர்கள். பேச்சுக்குக் குறைச்சலில்லை என்று முணுமுணுத்தேன்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். எல்லார் வீட்டிலும் அந்த வருஷம் முடைதான். உங்கள் கோழியை யாரோ அடிமாட்டு விலைக்குக் கேட்டார். ஏலம் விட்ட உபதேசியார் 'ஒரு தரம்' என்றதும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் கோழிக்கு இம்புட்டுத்தானா?" என்று எழுந்து விலையை ஏற்றிவிட்டீர்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மூன்று தரமும் சொல்லிக் கோழியை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். முந்தியில் தம்பிடி கிடையாது. சபையே சிரித்தது. அண்ணன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஏலப் பணத்தை மெதுவாகக் கொடுக்கலாம் என்றார் போதகர் ஐயர். நீங்கள் முட்டையாகவே கொடுத்தீர்கள். ஒரு முட்டை ஐயர் வீட்டுக்கு, அடுத்தது நம் வீட்டுக்கு. கோழியும் ரோசக்காரி, சளைக்காமல் இட்டது. அண்ணனுக்கு வேறு வேலை கிடைக்க வெகுநாள் ஆனது. நாம் பட்டினி கிடக்கவில்லை.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே நீங்கள் பாடியபோது ஒருநாள் கேட்டேன். "ஒங்களுக்குப் பயமே வராதா மதினி?"

"வராம என்ன? வந்தா செத்த நேரம் ஜெபம் பண்ணுவேன். அப்பறம் கீரைய உருவுவேன். திண்டுக்கல்லுப் பூட்டே போட்டாலும் அவரு கையப் பூட்ட முடியுமா தாயி?"

இப்போது நான் வேலை பார்க்கும் மில்லிலும் ஆர்டர் இல்லை. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. தொடர்ந்து நடத்துவார்களா, மூடுவார்களா என்பதைத் திங்கட்கிழமை சொல்வார்களாம். இவர் காலையில், "முட்டையிடுற கோழியவா குடுக்கப் போற?" என்று கேட்டார். நான் உங்களிடம் கத்திய அதே கேள்வி. அதே பதிலைச் சொல்லிக்கொண்டு காலைக் கட்டினேன். ஒரே முடிச்சில் கட்டிவிட்டேன், மதினி. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஏலத்தில் இதையும் குறைவாகத்தான் கேட்டார்கள். 'ஒரு தரம்' என்றதும் இவர் உஷாராகி என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். இடது கை மேலே போய்விட்டது.

கோழி இப்போது அடுப்படியில் என் காலைச் சுற்றி வருகிறது. திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ, தெரியாது. நம்மைத் தாங்குகிறவர் யாரென்று தெரியும். முதல் முட்டை ஐயர் வீட்டுக்கு.