தங்கமும் ஆறு மணி நேர உலோகமும்

மார்ச் 3, திங்கள்

இன்று பிற்பகல் நிர்வாகக் குழு கூடி, இரண்டு மணி நேரம் விவாதித்து, ஊழியர்கள் இனி பெல்ட் அணியக் கூடாது என்று முடிவெடுத்தது. இத்தகைய முடிவுகளில்தான் நாகரிகங்கள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதால் தேதியோடு குறித்து வைக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் போர்டு, உடைந்த நகை என்று கிடைத்ததையெல்லாம் உருக்கித் தங்கம் பிரிக்கும் ஆலை எங்களுடையது. கொக்கிகளைப் பார்த்து மெட்டல் டிடெக்டர் கத்துகிறதாம். கத்தலோடு கத்தலாகத் தங்கமும் வெளியே போய்விடலாமாம். நிர்வாகக் குழுவுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் வயிற்றுக்கு பெல்ட் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

சுற்றறிக்கையை எழுதியது நான். இங்கே எல்லா அறிவிப்பையும் நான்தான் எழுதுகிறேன். ‘ஊழியர்களின் ஒத்துழைப்பை நிர்வாகம் நாடுகிறது’ என்று முடித்தேன். கால்சட்டையின் ஒத்துழைப்பை யார் நாடுவது என்று குழு யோசிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

நாளை எலும்பு ஸ்கேன். புராஸ்டேட்டில் இருக்கும் புற்று எலும்புக்கும் குடி போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம். எப்படிச் சொல்வது என்பதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆலையிலும் சொல்லவில்லை. போன வருடம் ஸ்டோர் கீப்பர் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தார். மறு வாரமே பூச்செண்டு கொடுத்து ‘விருப்ப ஓய்வில்’ அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று கடிதத்தில் இல்லை.

மார்ச் 6, வியாழன்

ஊசி போட வந்த பெண்ணிடம் கேட்டேன்: “என்ன மருந்தும்மா இது?”

“மருந்தில்ல சார், உலோகம். டெக்னீசியம்.”

“எந்தச் சுரங்கத்துல கிடைக்குது?”

“தோண்டியெல்லாம் எடுக்க முடியாது சார். மனுஷன் செஞ்சது. காலையில வந்ததும் ஒரு பெட்டியிலேர்ந்து கறந்து வைப்போம்.”

“கறந்தா?”

“அப்படித்தான் சொல்லுவோம். ஆறு மணி நேரத்துல பாதியாயிடும். பேசிட்டே இருந்தா இன்னும் குறையும், கையை நீட்டுங்க.”

ஊசிக்குப் பிறகு மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேறு வேலை இல்லாததால் ஒப்பிட்டுப் பார்த்தேன். தங்கம்: தானாகக் கிடைப்பது. துருப்பிடிக்காது, எதனோடும் எளிதில் சேராது, கோடி வருடம் கிடந்தாலும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. ஆகவே அதற்குப் பெட்டகம், காவல், கேமரா. டெக்னீசியம்: காலையில் பிறந்து நாளைக்குள் அநேகமாக அடங்கிவிடுகிறது. அதற்குள் என் எலும்புகள் அத்தனையிலும் ஏறி இறங்கி, எங்கே கோளாறு என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போகும். ஆகவே அதைக் கழிப்பறையில் விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் முதல் வகை.

கிளம்பும்போது அந்தப் பெண், “ரெண்டு நாளைக்குக் குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல ரொம்ப நேரம் உட்காராதீங்க” என்றாள். வீட்டில் இவள் இரண்டுமில்லை. இருந்தாலும் ஹாலில் படுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

திருடன் ஆகிவிட்டேன்.

ஊழியர் வாசலில் பெல்ட் கழற்றும் வரிசை தெரு வரை நின்றதால் எங்களை லாரி வாசல் வழியாக விட்டார்கள். அங்கே இரண்டு தூண்கள் உண்டு. நான் நடுவில் கால் வைத்ததும் சிவப்பு விளக்கு, சங்கு, சகலமும். காவல் தலைவர் ஓடி வந்தார். ராணுவத்தில் என்னவாக இருந்தார் என்று தெரியாததால் மரியாதையாக மேஜர் என்று கூப்பிடுகிறோம்.

“என்ன சார் வெச்சிருக்கீங்க?”

“டிபன் பாக்ஸ்.”

“அதை வெச்சிட்டு வாங்க.”

வைத்துவிட்டு வந்தேன், அடித்தது. செருப்பு, கடிகாரம், பேனா என்று ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசியில் நான் மட்டும்தான் மிச்சம், அப்போதும் அடித்தது.

“முழுங்கியிருக்கீங்க” என்றார் மேஜர்.

“நான் உள்ள வர்றேன் மேஜர். திருடறவன் வெளியதானே போவான்?”

“அதான் சார் சந்தேகமே. நேத்து லீவு போட்டீங்க. பயந்துபோய் இன்னைக்குத் திருப்பிக் கொண்டு வர்றீங்க.”

இத்தனை வருடப் பணியில் என் நேர்மையை இவ்வளவு நுட்பமாக யாரும் நம்பியதில்லை.

அந்தத் தூண்கள் தங்கத்துக்கானவையே அல்ல. பழைய உலோகத்தோடு கதிர்வீச்சுப் பொருள் ஏதாவது வந்துவிட்டால் கத்துவதற்காக நட்டவை. நட்ட நாள் முதல் கத்தாததால் எதற்கு நட்டோம் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஆய்வக மேலாளரம்மாவுக்குத் தெரியும். அவர் ஞாயிறுவரை விடுப்பு. எனக்கும் தெரியும்: நேற்றைய ஊசியின் வேலைதான். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறக்கவில்லை. திருடன் என்றால் விசாரணையாவது வைப்பார்கள். நோயாளி என்றால் நேராகப் பூச்செண்டுதான்.

மதியம் மனிதவள அதிகாரி என் தற்காலிகப் பணிநீக்க உத்தரவின் வரைவை எனக்கே அனுப்பினார். “கொஞ்சம் பார்த்துச் சரிபண்ணிக் குடுங்க சார், நீங்க இல்லாம யாரு பண்றது?” சரிபண்ணிக் கொடுத்தேன். ‘நயவஞ்சகமாக’ என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். உள்ளே கொண்டுவருபவனுக்குப் பொருந்தவில்லை.

மார்ச் 8, சனி

விஷயம் பரவிவிட்டது. இவளுடைய தம்பி காலையிலேயே ஆஜர். பழைய கார் வியாபாரம். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஓடாத வண்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பான். இன்று உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

“மாமா, உங்ககிட்ட இப்படி ஒரு திறமை இருக்கும்னு நினைக்கவே இல்ல.”

“நான் எதையும் எடுக்கலப்பா.”

“கரெக்ட். யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சும்மா ஒரு உத்தேசமா... எத்தனை கிராம்?”

போகும்போது என் தோளைத் தட்டினான். உலோகத்தின் மேல் கை வைப்பது போன்ற பக்தி.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது ராத்திரியும் ஹாலில் ஏன் படுத்தேன்? கதிர்வீச்சு எப்போதோ போயிருக்கும். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காலையில் காப்பி டம்ளரைப் பொத்தென்று வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“எடுத்தீங்களா இல்லையான்னு நான் கேட்கல. எடுத்திருந்தா அதைக்கூட என்கிட்ட சொல்லமாட்டீங்களா? தம்பிகிட்ட சொல்வீங்க, என்கிட்ட மாட்டீங்க?”

“அவன்கிட்டயும் சொல்லல.”

“அப்ப இது என்ன?” என் முழங்கை மடிப்பில் ஊசிக் காயம் நீலமாகக் கன்றியிருந்தது. பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருப்பவள்; ஊசிக் குத்தை அடையாளம் தெரியாதா?

சொல்லிவிட்டேன். எல்லாம். ஒப்பனை இல்லாமல், என் வழக்கமான கிண்டல் இல்லாமல். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

காப்பி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். அப்புறம், “தங்கமா இருந்திருக்கலாம்” என்றாள்.

நானும் அதைத்தானே நினைத்தேன்? ஜெயில் என்றால் இத்தனை வருடம் என்று தெரியும். இதற்கு யார் சொல்வது?

“நாளைக்கு விசாரணையில உண்மையைச் சொல்லிடுங்க. திருடன்னு பேர் எடுத்துக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போக வேண்டாம்” என்றாள்.

மார்ச் 10, திங்கள்

விசாரணை. மறுபடி தூண்களுக்கு நடுவே நடக்க விட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

“பார்த்தீங்களா, கைமாத்திட்டாரு” என்றார் மேஜர்.

ஆய்வக அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்கேன் எடுத்தீங்களா சார்?”

ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜைமேல் வைத்தேன்.

குழுவுக்கு அவர் பொறுமையாக விளக்கினார்: “தங்கமா இருந்தா இன்னைக்கும் தங்கமாத்தான் சார் இருக்கும். தானா குறைஞ்சு காணாமப் போகாது. இது ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை பாதியாகும். அப்புறம், அந்த மெஷினுக்குத் தங்கம்னா என்னன்னே தெரியாது.”

குழுத் தலைவர் ஆழ்ந்து யோசித்தார். “அப்ப இவர் திருடல.”

“இல்ல சார்.”

“ரொம்ப சந்தோஷம்.” மீண்டும் சீட்டைப் பார்த்தார். “அப்ப இவருக்கு என்ன?”

 

மார்ச் 12, புதன்

குற்றச்சாட்டு வாபஸ். மனிதவள அதிகாரி போனில் மனதார வாழ்த்தினார். “வயசும் ஆயிடுச்சு, உடம்பையும் பார்த்துக்கணும்ல சார். விருப்ப ஓய்வுக் கடிதம்... அந்த மாதிரி உங்ககிட்டயே இருக்கும்ல?”

இருந்தது. ஸ்டோர் கீப்பரின் பெயரை மட்டும் மாற்றினேன்.

இவளுடைய தம்பி அதன்பிறகு வரவில்லை. குற்றமற்றவன் வீட்டில் அவனுக்கு என்ன வேலை?

மார்ச் 14, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. எலும்பில் எங்கும் பரவவில்லை. புராஸ்டேட்டை எடுத்துவிட்டால் போதுமாம். இவள் மூன்று முறை படித்தாள். பிறகு டாக்டரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். வெளியே வந்ததும் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷன் இருபத்து நான்காம் தேதி. ஆலையின் மருத்துவக் காப்பீடு பன்னிரண்டாம் தேதியோடு முடிந்துவிட்டது.