ரப்பர் அணையில் காற்று இறங்கிய நாள்

அன்பு மகள் முனீஸ்வரிக்கு அம்மா தங்கலட்சுமி எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க நம் சாமி துணையிருக்கட்டும். போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று கோபித்தாய். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நம்மூர் ஆற்றில் ரப்பர் அணை போட்டார்களே, காற்றடித்தால் பெரிய மெத்தை மாதிரி எழும்பித் தண்ணீரை மறித்துக் கண்மாய்க்குத் திருப்பும், காற்றைத் திறந்தால் தரையோடு படுத்துவிடும், அதற்கு மோட்டார் அறை கட்ட அப்பா ஆற்றங்கரை மிளகாய்ப் புஞ்சையில் பாதியைச் சும்மாவே எழுதிக்கொடுத்தார். தம்பி வெள்ளத்துரையை அங்கே மோட்டார் போடுகிற வேலைக்குப் போடவேண்டும் என்று மட்டும் கேட்டார், அப்படித்தான் உன் சித்தப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தது. ஐப்பசி மழையில் ஆறு வந்தது. அணை எழும்பிக் கண்மாய்க்குள் தண்ணீர் பாய்ந்ததும் பொம்பளைகள் எல்லோரும் கரையில் நின்று குலவை போட்டோம். மத்தியானம் சாப்பிடப் போய்த் திரும்பினால் அணை சப்பையாகக் கிடக்கிறது, வந்த தண்ணீரெல்லாம் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. கருவேல முள் கிழித்துவிட்டது என்றார் சித்தப்பா, நாங்களும் நம்பினோம், பாவம் நனைந்துபோய் நிற்கிறான் என்று அப்பா அவருக்குச் சோறுகூடக் கொடுத்தனுப்பினார். ஆறு வடிந்தபிறகு அருப்புக்கோட்டையிலிருந்து இன்ஜினியர் வந்து காற்றடித்துப் பார்த்தார், அணை விறைப்பாக நின்றது, ஓட்டையே இல்லை, யாரோ காற்றைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அத்தனை பேர் நடுவில் சித்தப்பா குனிந்தபடியே, "அண்ணந்தேன் தெறக்கச் சொன்னாக, மிச்சப் புஞ்சைக்குள்ள தண்ணி ஏறுதுன்னு" என்றார். அப்பா, "ஏலே, நானாடா சொன்னேன்?" என்று ஒன்றுதான் கேட்டார். பக்கத்துப் புஞ்சை மாயக்காள் எங்களைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அப்போதுதான் சித்தப்பா மகள் பாண்டீஸ்வரி எழுந்தாள், தையில் கல்யாணம் வைத்திருந்த பிள்ளை. "பெரியப்பா சொல்லல. மாப்பிள்ளை வீட்டுச் செங்கச் சூளைக்குத் தண்ணி ஏறுதுன்னு அவுகதேன் போன் போட்டாக, தெறக்காட்டி கல்யாணம் இல்லைன்னாக. எம்முன்னாடிதேன் அப்பா சரின்னாரு" என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா அவளை அடிக்கக் கை ஓங்கினார், அப்பா குறுக்கே போய் நின்றுகொண்டார். சம்பந்தம் முறிந்துபோனது, அன்றிலிருந்து அவள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் சித்தப்பா வாசலுக்கு வந்து அழுதார். "செங்கல்லு நனையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சுமந்து மேட்டுல போட்டிருப்பேனே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் அப்பா. ஊர் எங்களோடு பேசுகிறது, மாயக்காளும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் அதற்குப்பின் ஆறு வரவில்லை, கண்மாயில் தண்ணீர் இல்லை. அப்பா இப்போது தம்பி என்று சொல்வதே இல்லை, அந்த மோட்டார்க்காரன் என்கிறார், அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ கம்பளி போடாமல் வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளையும் நீயும் குறையில்லாமல் வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டுப் பேசு, கல்யாணப் பேச்சை எடுக்காதே, அவள் செய்தது சரிதான் என்று மட்டும் சொல், அவள் அப்பா அதைச் சொல்லமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கலட்சுமி