சரியாகாமப் போனவங்க உண்டுங்களா?

மச்சான்,

இன்று காலை பேப்பரை விரித்ததும் உள்ளேயிருந்து ஒரு நோட்டீஸ் விழுந்தது. 'மூன்றே நாளில் பயத்திலிருந்து விடுதலை' என்று கொட்டை எழுத்து. கீழே அதே ஆள், அதே கோட்டு, அதே சிரிப்பு. நாமக்கல் கல்யாண மண்டபத்தில் நம் இருவரையும் கைதட்ட வைத்தானே, அவனேதான். தலைச்சாயம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அந்த முகத்தின் மேல் வடையை வைத்து எண்ணெய் பிழிந்திருப்பீர்கள். நீங்கள் இல்லாததால் அதை நான் செய்தேன்.

எனக்கு அந்தப் பயம் முதலில் வந்தது காவிரிப் பாலத்தின் நடுவில். பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்குத் துணி ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, கை மரத்தது, இதோ சாகப்போகிறோம் என்றே நினைத்தேன். வண்டியை அப்படியே நிறுத்தி இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்களே தவிர, ஒருவரும் இறங்கவில்லை. நெஞ்சைச் சோதித்தவர்கள் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதன்பின் பாலத்தைத் தூரத்தில் பார்த்தாலே வேர்த்தது. துணியை வேறு ஆள் கொண்டுபோக, நான் தறிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சொந்தபந்தம் வந்து ஆறுதல் சொன்ன லட்சணம், "ஆம்பளைக்கு என்னப்பா பயம்?" என்பது. சொல்லிவிட்டு என் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

உங்களுக்கு உலகத்தில் யாரைப் பார்த்தாலும் இளக்காரம். என் நோயை மட்டும் ஏனோ நீங்கள் இளக்காரம் பண்ணவில்லை. தங்கை புருஷன் என்பதற்காக இருக்கலாம். "கெளம்புங்க மாப்ள, ஆரையாச்சும் பாக்கலாம்" என்று காரை எடுத்தீர்கள்.

முதலில் சேலத்தில் பெயர்பெற்ற மனநல டாக்டர். கூட்டம் வாசல் வரை நின்றது. உள்ளே போய் நான் பாலம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மாத்திரை எழுதி முடித்துவிட்டார். எழுதும் கையைத்தான் பார்த்தேன், கண்ணை அவர் காட்டவேயில்லை. அப்போதுதான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

"ஏனுங்க டாக்டரு, உங்ககிட்ட வந்தும் சரியாகாமப் போனவங்க உண்டுங்களா?"

அவர் மணியை அழுத்தினார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான். மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன் மச்சான், எத்தனையோ பேர் அதனால் எழுந்து நடமாடுகிறார்கள். முகம் பார்க்காமல் எழுதியதுதான் எனக்கு ஆகவில்லை. வெளியே வந்து, "நம்ம கோழிப்பண்ணை டாக்டரு கோழியத் தூக்கியாச்சும் பாப்பாரு" என்றீர்கள்.

அடுத்தது நாமக்கல் மண்டபம். ஏசி, மைக், பாட்டு. பெரிய பெரிய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு "எனக்குப் பயமில்லை" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன், வெட்கக்கேடு. கோட்டுக்காரன் என்னை மேடையில் ஏற்றி, நெற்றியில் கை வைத்து, பயம் போய்விட்டது என்று அவனே அறிவித்தான். கூட்டம் கைதட்டியது. நீங்கள் எழுந்து அதே கேள்வியைக் கேட்டீர்கள். "இங்கே தோற்றவர் எவருமில்லை ஐயா" என்றான். அன்று திரும்பும் வழியில் மோகனூர்ப் பாலம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததற்கே எனக்கு மூச்சு முட்டியது. நீங்கள் காரை ஓரங்கட்டி, என் முதுகைத் தடவிக்கொண்டே அவன் பரம்பரையையே ஏசினீர்கள்.

கடைசியாகப் பார்த்தது அந்தப் பெண்ணை. சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே சின்ன அறை. உளவியல் படித்தவள், நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். "இந்தப் புள்ளகிட்டயா?" என்று என் காதில் சொன்னீர்கள். பிறகு அவளிடமும் கேட்டீர்கள். அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உண்டுங்க. சில பேருக்கு என்னால ஆகலை. அவங்களை வேற ஆளுகிட்ட அனுப்பியிருக்கேன். இவருக்கு எப்படின்னு கொஞ்ச நாள் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றாள். பிறகு, "நீங்க வெளிய இருங்க. நான் இவருகிட்டப் பேசணும்" என்று உங்களையே அனுப்பிவிட்டாள்.

படி இறங்கும்போது நீங்கள் கொதித்தீர்கள். "ஆகலைன்னு அவளே சொல்றா. அவகிட்டப் போயி என்னத்தைப் பண்றது?"

"நான் இங்கயேதான் வாரேன் மச்சான்" என்றேன். உங்களை எதிர்த்து நான் பேசியது அன்றுதான்.

அவள் பயத்தை விரட்டவில்லை. பயம் வந்தால் ஓடாமல் நிற்கச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்றேன். பிறகு பாலத்தில் கொஞ்ச தூரம் நடந்தேன். பாதியில் திரும்பிய நாட்களும் உண்டு. "பாலத்தை வேடிக்கை பாக்க ஒரு வைத்தியமா?" என்று தறிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் மறுநாள் நடக்கப் போனேன்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டு, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உங்கள் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே வண்டியை ஓட்டினேன். பாலத்தின் நடுவில் பயம் வந்தது. வேர்த்தது, கை மரத்தது. வண்டியை நிறுத்தவில்லை.

கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தீர்கள். "ஆரு ஓட்டுனா?"

"நாந்தானுங்க மச்சான்."

"அந்தப் புள்ள வைத்தியமா?"

"ஆமாங்க."

"தானா சரியாயிருக்கும்" என்றீர்கள்.

அதற்குமேல் உங்களிடமிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. போய்ச்சேரும் வரை வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்விதான் அவளை எனக்கு அடையாளம் காட்டியது என்பதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் என்னையும் ஏசியிருப்பீர்கள்.

இப்போது தூக்கம் வராதவர்கள், நெஞ்சு படபடக்கிறவர்கள், தறிக்கூடத்துக்கு வந்து தணிந்த குரலில் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் ஊரையும் பேரையும் விட, அந்தக் கேள்வியைத்தான் சொல்லி அனுப்புகிறேன். போன வாரம் ஒருவர் போய்வந்து முகம் வாடி நின்றார். "கேட்டேனுங்க. அந்த டாக்டருக்குக் கோவம் வந்துருச்சு, கெளம்புன்னுட்டாரு."

"நல்லதாப் போச்சு, இன்னொரு ஆளைப் பாக்கலாம்" என்றேன்.

நான் சொன்னதில் உங்கள் தோரணையைக் கேட்டு, உள்ளே நூல் பிரித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை சட்டென்று தலைதூக்கி வாசலைப் பார்த்தாள்.