மாதம்மாள் கொடுத்த பட்டாளத்துக் கடிகாரம்

1954 ஆகஸ்ட் 9, ஓசூர்

கெலமங்கலம் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி. முட்டி இரண்டும் கெஞ்சுகின்றன. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரான எனக்கு ஊரெல்லாம் 'டாக்டரய்யா' பட்டம். உதைக்கிற மாட்டுக்கு அது தெரியுமா? வீட்டுக்காரி சாந்தம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "ஊசி போடப் போனீங்களா, வாட்ச் பொறுக்கப் போனீங்களா?" என்றாள். இரண்டுக்கும்தான். ஒன்றும் அகப்படவில்லை. பெட்டி நிறையப் பட்டாளத்துக் கடிகாரம் இருக்கிறது. போதாதா என்றால் - போதவில்லை.

ஆகஸ்ட் 17

அஞ்செட்டி. பஸ்ஸை விட்டு இறங்கி மலையடி வரை நடை. மாதம்மாள் என்பவள் வீட்டில் எருமைக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டேன். சாமி மாடத்தில் அது கண்ணில் பட்டது. கறுப்பு முகம், ரேடியம் பூசிய எண்கள். அலுப்பெல்லாம் எங்கே போனதோ!

அவள் கணவன் திம்மப்பன் பர்மா சண்டையில் செத்துப்போனவன். உடல் வரவில்லை, கடிகாரம்தான் வந்தது. கொழுந்தன் ராமப்பன் அதை நம்பவில்லை. "எவனோ ஒரு வாட்ச அனுப்பிட்டா ஆச்சா? அண்ணன் அங்கியே ஒருத்தியக் கட்டிக்கினு இருக்கான்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறானாம். பட்டாளத்துக் கடிகாரம் என்றால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றேன்.

"இது அவரு வாட்சுதானான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டரய்யா. புரட்டாசில அவருக்குப் படையல். அதுக்குள்ள குடுத்துடுங்க" என்று துணியில் சுற்றித் தந்தாள். விலைக்குக் கேட்டிருந்தால் துரத்தியிருப்பாள். கேட்கவில்லை. கேட்கிற எண்ணம் இருந்தது.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

பெங்களூரில் சாதாக் கடிகாரத்தின் முதுகில் பட்டாளத்து முத்திரையான அம்புக்குறியைக் குத்தி 'மிலிட்டரி' என்று விற்கிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன். புது அம்பு பளிச்சென்று இருக்கும். பழைய அம்பின் பள்ளத்தில் வேர்வையும் அழுக்கும் இறுகிக் கிடக்கும். வார் கோக்கும் கம்பியும் கழற்ற வராதபடி பற்றவைத்ததாக இருக்க வேண்டும். இதில் எல்லாம் சரி. அழுக்கைத் துடைத்தால், அம்புக்குப் பக்கத்தில் கத்திமுனையால் கீறிய 'தி'. திம்மப்பனேதான்!

நின்றுகிடந்ததைச் சும்மா விட மனம் வரவில்லை. கழுவி, எண்ணெய் வைத்து, சாவி கொடுத்தேன். ஓடியது. முள்ளைத் திருப்பி நேரமும் வைத்தேன். மாதம்மாளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆகஸ்ட் 25

ஓடுகிறது. திருப்பிக் கொடுக்க மனமில்லை. தொலைந்துவிட்டது என்று சொன்னால்? - சீ.

செப்டம்பர் 4

ராமப்பன் ஆஸ்பத்திரிக்குக் காளையை ஓட்டி வந்தான். கால் புண்ணுக்கு மருந்து கட்டும்போது பேச்சுவாக்கில் சொன்னான்: "அந்த வாட்சு நின்ன நேரந்தான் அண்ணன் உசுரு போன நேரம்னு அண்ணி பிடிவாதம். படையலன்னிக்கு வாத்தியாரு தன் கடியாரத்த அது பக்கத்துல வெச்சிக்கினு உக்காந்திருப்பாரு. ரெண்டும் ஒண்ணானதும் தலையாட்டுவாரு. அப்பத்தான் சூடம் கொளுத்துவாங்க."

கட்டை அவசரமாக முடித்து அவனை அனுப்பினேன்.

என்ன வேலை பண்ணிட்டேன்! முள்ளு எங்க நின்னுது? ஞாபகமே இல்லையே. முதுகிலிருந்த நம்பர் ஞாபகம் இருக்கு, அம்பு ஞாபகம் இருக்கு. முகத்தை ஒழுங்காப் பாக்கவே இல்லை. கோவிந்தப்பா, நீயெல்லாம் ஒரு மனுஷனா? சாவி தீர்ந்தால் எந்தக் கடிகாரமும் நிற்கும், ஆள் போனது அதற்குத் தெரியாது. இதைப் போய் அவளிடமா சொல்வது?

செப்டம்பர் 7

"ஏதோ ஒரு நேரத்துல நிறுத்திக் குடுத்துடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்கிறாள் சாந்தம்மா. அவளுக்கு முன்பே எனக்கு அது தோன்றியது. உட்கார்ந்து முள்ளை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தேன். எந்த நேரத்தில் ஒரு மனிதனைச் சாகடிப்பது? முடியவில்லை. படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு

அஞ்செட்டி போய் வந்தேன். முதலில் அம்பையும் எழுத்தையும் காட்டினேன். ராமப்பன் அந்த 'தி'யைத் தடவிப் பார்த்தான். "அண்ணன் தூக்குவாளியிலயும் இப்பிடித்தான் கீறி வெப்பான்" என்றான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

அதன் பின் மற்றதைச் சொன்னேன். மாதம்மாள் கடிகாரத்தைக் காதில் வைத்தாள். "யாரக் கேட்டு ஓட்டுனீங்க?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

முள்ளை எப்படித் திருப்புவது என்று கேட்டாள். காட்டினேன். முள் நின்றிருந்த இடம் அவளுக்கு மனப்பாடம். சின்ன முள்ளை நாலுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, பெரிய முள்ளை எட்டில் வைத்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய முள் எட்டைத் தாண்டியது.

"நிக்காம போவுதே" என்றாள்.

"நிறுத்திடட்டுமா அம்மா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சரியா என்ன நேரம்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளே முள்ளை வைத்தாள்.

அக்டோபர் 20

கெலமங்கலம் சந்தை. தூறல். முட்டி வலி சொல்லி முடியாது. மாதம்மாள் நெய் விற்க வந்திருந்தாள். படையலைப் பற்றிக் கேட்கப் பயந்து நின்றேன். அவளே சொன்னாள்: "இந்த வருசம் சோறு வெந்ததும் படைச்சிட்டேன் டாக்டரய்யா. ஆறிப்போனா அவருக்குப் பிடிக்காது."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடிகாரத்தை எடுத்தாள். என் கையை இழுத்து, என் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "உங்களுது பிந்துது."

திருத்திக்கொண்டேன்.