அழித்தேன் என்பதற்கு என்ன சாட்சி?

என் கோமதிப் பாப்பாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே நம் பிரவுசிங் சென்டர் எப்படியோ ஓடுகிறது. படூர் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துவிட்டு நீ பஸ்ஸில் வந்து இறங்கும் நேரமானால், இன்னும் என் கண் வாசலுக்குத்தான் போகிறது. என்ன செய்வது, சொன்னால் கேட்கிற கண்ணா?

ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு ஃபிளாப்பியைத் திணித்தாயே, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய உன் டைரி. "நான் போனப்புறம் அழிச்சுடுண்ணா. நீகூட தொறக்கக் கூடாது," என்றாய். காரியம் முடிந்ததும் அழித்தேன். ஆனால் யார் எதை அழிக்கச் சொன்னாலும் முதலில் ஒரு காப்பி எடுத்து வைப்பது நம் கடைப் பழக்கம். பிறகு வந்து அழுவார்களே என்று. அன்றைக்கும் கை தானாக எடுத்துவிட்டது. உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளையிடம் மட்டும் "அழிச்சாச்சு" என்று பொய் சொன்னேன்.

முட்டுக்காடு பாலத்தில் ஒருநாள் நீ சொன்னாய்: "ஒளித்துகள்ல எழுதிப் பூட்டினா காப்பியே எடுக்க முடியாதுண்ணா. அழிச்சவன் அழிச்சதுக்கு அத்தாட்சி காட்டணும். காட்டிட்டான்னா, அப்புறம் சாவி கெடச்சாலும் படிக்க முடியாது."

"இது எந்தக் கடையில கீது?"

"எங்கயும் இல்ல. நான்தான் யோசிச்சுகினு கீறேன்."

"அப்போ ஃபிளாப்பிக்கு?"

"ஆள நம்ப வேண்டியதுதான்."

உன் குரல் இல்லாமல் இருக்க முடியவில்லை, பாப்பா; டைரியிலாவது கேட்கலாமென்று அந்தக் காப்பியை எடுத்தேன். பூட்டுக்கு அம்மா பெயரைப் போட்டுப் பார்த்தேன், நீ படித்த பள்ளியின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். போன வாரம் ஒரு சொல் தோன்றியது. அதுதான் என்று எனக்கு நிச்சயம். தட்டிவிட்டு, எண்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகைதான் வந்தது. எண்டரைத் தட்டாமலே காப்பியை அழித்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "இன்னொரு காப்பி இல்லன்னு இன்னா சாட்சி, மச்சான்?" என்றார். நியாயமான கேள்வி.

நீ எழுதிய எதையும் இனி நான் திறக்கப் பார்க்க மாட்டேன். இது சத்தியம். நீ இருந்தால் சாட்சி கேட்டிருக்க மாட்டாய். "எங்கண்ணன் சொன்னா சரி" என்று அவரிடம் சண்டைக்கே போயிருப்பாய். அப்படிச் சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள் எனக்கு?

சொன்னதைத் தாமதமாகச் செய்த உன் அண்ணன்,
சேகர்